2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டியாகிவிட்டது, இனி நீதிமன்றம் போய்ப் பயன் உண்டா?

வந்த கேள்வி சுருக்கமாக இது. களுவாஞ்சிகுடிப் பக்கம், பிரதான வீதியோரம் ஒன்றரை ஏக்கர் வளவு. அம்மம்மா தன் இரண்டு பெண்மக்களுக்கும் சேர்த்துச் சீதனமாக எழுதிய உறுதி. அம்மா அங்கேயே இருக்கிறார், சின்னம்மா கனடாவில். பிரதேச செயலகத்தார், தனியார் காணியை அரசு எடுப்பதற்கான காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தலைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். "பொது நோக்கத்துக்குத் தேவை" என்பதற்கு மேல் அதில் ஒரு சொல்லும் இல்லை. பஸ் நிலையம் என்கிறார் ஒருவர், சந்தைக் கட்டடம் என்கிறார் இன்னொருவர். "அமைச்சர் கையெழுத்து வைத்தால் கதை முடிந்தது, கோட்டுக்குப் போய் வேலையில்லை" என்று கிராம உத்தியோகத்தர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, மட்டக்களப்பிலேயே வழக்குப் போடலாமா, காசை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதா என்று மகன் கேட்கிறார்.

நான் நீண்ட காலம் காணிக் கிளையில் இருந்தவன். கோப்பு உள்ளே எப்படி நகர்கிறது என்று தெரியும். இப்போது சட்டத்தரணிகளுக்குக் கோப்புப் படித்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன். வழக்கை நடத்தப் போகிறவர் உங்கள் லோயர்தான்.

கிராம உத்தியோகத்தர் சொன்னதில் பாதி சரி. இந்தக் காணி பஸ் நிலையத்துக்குத் தோதானதா, ஊருக்குப் பஸ் நிலையம் வேண்டுமா, பக்கத்து வளவு இதைவிட நல்லதா என்ற கேள்விகளுக்கு நீதிபதி பதில் சொல்ல மாட்டார். அது அரசின் கொள்கை என்று ஒதுங்கிக்கொள்வார். அவர் பார்ப்பது வேறு. இந்த முடிவுக்கு அமைச்சர் எந்த வழியாக வந்தார்? சட்டம் சொன்ன படிகளில் ஏறித்தான் வந்தாரா? அவர் முன்னால் என்ன கடதாசி இருந்தது? உண்மையிலேயே ஒரு பொது நோக்கம் மனதில் இருந்ததா, அல்லது காணியை எடுத்த பிறகு நோக்கத்தைத் தேடினார்களா? காணிக்காரர் சொன்னதைக் கேட்டார்களா? இந்தக் கேள்விகளில் விழுந்த சுவீகரிப்புகள் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வழக்கு கொழும்பில் தொடங்கவில்லை. இன்றைக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் தொடங்குகிறது.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சொத்துரிமை இல்லை. ஆகவே "என் காணி, என் உரிமை" என்று மட்டும் சொல்லி எந்த நீதிமன்றத்திலும் நிற்க முடியாது. காணியை எடுக்கும் அதிகாரம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. அந்த அதிகாரத்தை மேற்பார்வை பார்க்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அமைச்சரின் முடிவை ரத்துச் செய்யும் செர்ஷியோராரி, செய்யாமல் தடுக்கும் ப்ரொஹிபிஷன், செய்ய வேண்டியதைச் செய்விக்கும் மண்டாமுஸ் எல்லாம் அதற்குள் அடங்கும். இந்தக் கட்டளைகளைத்தான் ரிட் என்கிறோம். சட்டங்களில் "இந்த முடிவை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்தலாகாது" என்று ஒரு வரி போட்டு வைப்பார்கள். அரசியலமைப்பு கொடுத்த ரிட் அதிகாரத்தைச் சாதாரண சட்டத்தின் ஒரு வரியால் பறிக்க முடியாது என்று அதபத்து எதிர் மக்கள் வங்கி வழக்கில் உயர் நீதிமன்றம் 1997இல் சொல்லிவிட்டது.

இன்னொன்று. யூடியூப்பில் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, எழுபது வீதம் பேர் சம்மதிக்காவிட்டால் எடுக்க முடியாதாமே, நட்டஈட்டுக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டாமே என்று என்னிடம் வருகிறார்கள். அது இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே செல்லாது. நம்முடைய சட்டத்தில் காணிக்காரரின் சம்மதம் என்று ஒரு படியே கிடையாது.

சரி, உங்கள் அறிவித்தலுக்கு வருவோம். 2ஆம் பிரிவு என்பது தொடக்கம் மட்டும்தான். இந்தப் பகுதியில் ஏதோ ஒரு காணி பொது நோக்கத்துக்குத் தேவை என்று அமைச்சர் தீர்மானித்தால், பிரதேச செயலாளர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அறிவித்தலைக் கண்ணில் படும் இடங்களில் ஒட்ட வேண்டும். அதன் பிறகு அதிகாரிகள் உள்ளே வந்து அளக்கலாம், மட்டம் பார்க்கலாம், மண்ணைத் தோண்டிப் பார்க்கலாம். காணி இன்னும் உங்களுடையதுதான். இந்தக் கட்டத்தில் பலர் நில அளவையாளரைப் படலையில் மறித்துச் சண்டை பிடிக்கிறார்கள். அது வேண்டாம். அவர் சட்டப்படி வந்திருக்கிறார். நீங்கள் மறித்ததாகக் கோப்பில் ஒரு குறிப்பு ஏறும், நாளைக்கு அது நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக வாசிக்கப்படும்.

ஆனால் அறிவித்தலில் நோக்கம் எழுதப்படவில்லை என்கிறீர்களே, அதுதான் உங்கள் கையில் இருக்கும் பலமான சீட்டு. மானெல் பெர்னாண்டோ எதிர் டி. எம். ஜயரத்ன வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. நீதியரசர் மார்க் பெர்னாண்டோவின் தீர்ப்பு அது. பொது நோக்கம் ஒன்று மனதில் இல்லாமல் அமைச்சர் 2ஆம் பிரிவு அறிவித்தலைப் போட முடியாது, மனதில் இருக்கிறதென்றால் அதைக் காணிக்காரரிடமிருந்து மறைக்க என்ன நியாயம் இருக்கிறது என்பதே அதன் போக்கு. நோக்கத்தை வெளிப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோக்கம் தெரியாமல் ஒருவர் எதை வைத்து ஆட்சேபிப்பது? இருந்தும் பழைய படிவத்தையே எடுத்து இடைவெளிகளை நிரப்பி ஒட்டும் பழக்கம் கந்தோர்களில் இன்னும் போகவில்லை. கெட்ட எண்ணத்தால் செய்வதாக நான் சொல்லவில்லை. முன்னைய கோப்பைப் பார்த்து அடுத்த கோப்பை எழுதுவதே நம்முடைய நிருவாகத்தின் வழக்கம்.

ஆகவே இந்தக் கிழமையே இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் அறிவித்தலைத் திகதி தெரியும்படி படம் எடுத்து, அது எங்கே ஒட்டப்பட்டிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மொழியிலும் இருந்ததா என்று பாருங்கள். அப்புறம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்துக்கும் காணி அமைச்சுக்கும் வெவ்வேறாக விண்ணப்பம் போடுங்கள். எந்தத் திணைக்களம் அல்லது சபை இந்தக் காணியைக் கேட்டது, கேட்ட கடிதத்தின் பிரதி, அமைச்சரின் பணிப்பு, திட்டத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா, வேறு இடங்கள் பார்க்கப்பட்டனவா, பார்த்திருந்தால் அந்த அறிக்கை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். பதில் வந்தால் ஆதாரம் கிடைக்கும். வராவிட்டால் அதுவும் மனுவில் சேர்க்கத்தக்க விடயம்தான். கேட்ட சபையின் கடிதத்தில் ஒரு நோக்கமும் அமைச்சின் குறிப்பில் வேறொரு நோக்கமும் இருந்தால், அதைவிட நல்ல ஆவணம் உங்கள் லோயருக்கு வேண்டியதில்லை.

அடுத்து 4ஆம் பிரிவு. இந்தக் குறிப்பிட்ட காணியை எடுக்க உத்தேசம் என்று உரிமையாளருக்கு அறிவித்தல் வரும், காணியிலும் ஒட்டுவார்கள். எழுத்தில் ஆட்சேபிக்கக் குறைந்தது 14 நாள் தர வேண்டும். ஆட்சேபித்தவரை அழைத்துக் கேட்க வேண்டும். அமைச்சின் செயலாளர் தம் சிபாரிசை அமைச்சருக்கு அனுப்ப, அமைச்சர் முடிவெடுப்பார். என் கண்ணில் முழுச் சட்டத்திலும் காணிக்காரர் பேச இருக்கும் ஒரே நல்ல இடம் இதுதான். அதையே நம்மவர்கள் வீணாக்குகிறார்கள். நான் பார்த்த ஆட்சேபனைகளில் பெரும்பாலானவை "இது எங்கள் பரம்பரைக் காணி, ஏழைகள் நாங்கள், ஐயா இரக்கம் காட்ட வேண்டும்" என்ற வகை. படித்தால் மனம் கனக்கும், ஆனால் சட்டத்தில் அதற்குப் பதில் சொல்லும் கட்டாயம் யாருக்கும் இல்லை. எழுத வேண்டியது பதில் சொல்லியே ஆக வேண்டிய விடயங்களை: நோக்கம் இன்னதென்று அறிவித்தலில் இல்லை. எத்தனை பேர்ச் தேவை என்று திட்டவரைபு காட்டவில்லை. முழு ஒன்றரை ஏக்கரும் ஏன்? வீதிப்பக்கத்துத் துண்டு போதாதா? வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். இன்ன இடத்தில் அரச காணி வெறுமனே கிடக்கிறது, அதைப் பார்த்தீர்களா? இப்படி எழுதினால், விசாரணை அறிக்கை அவற்றுக்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போனபோது, கேட்கப்பட வேண்டியதைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று ரிட் மனுவில் காட்டலாம். ஆட்சேபனையில் சொல்லாத விடயத்தை நீதிமன்றத்தில் புதிதாகச் சொன்னால், அரச தரப்பு முதலில் கேட்பது "இதை அப்போது ஏன் சொல்லவில்லை" என்றுதான்.

மாற்றுக் காணி வாதத்தைப் பற்றி ஒரு சொல். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அது எடுபடும், சுற்றிலும் அரச காணி இருக்கும். எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய தறையில் பாடசாலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் யாரோ ஒருவரின் தென்னந்தோட்டம்தான் போயாக வேண்டும். அரச சட்டவாதி அந்தப் படத்தை விரித்துக் காட்டினால் நீதிபதிக்குப் புரிந்துவிடும். ஆகவே "வேறு இடம் இருக்கு" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில், என்ன படத்தில், எத்தனை ஏக்கர் என்று காட்டுங்கள். அப்போதும் அதைத் துணை வாதமாகவே வையுங்கள்.

நம்முடைய பகுதிக்கென்று இருக்கும் சிக்கல் ஒன்றும் இங்கே வருகிறது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர், முஸ்லிம்கள் இரு தரப்பிலும் வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். உறுதியில் பெண்ணின் பெயர் இருக்கும். கிராம உத்தியோகத்தரின் பதிவிலோ குடும்பத் தலைவர் என்று கணவரின் பெயர். அறிவித்தல் கணவருக்கு வரும், ஆட்சேபனையில் கணவரே கையெழுத்து வைப்பார். பிறகு மனு போடும்போது "இவர் காணிக்காரரே அல்லவே" என்ற வாதம் வரும். உங்கள் வீட்டில் எல்லாக் கடிதத்திலும் அம்மாதான் கையெழுத்து வைக்க வேண்டும். மறுபக்கம், உரிமையாளருக்கு முறைப்படி அறிவிக்காமல் வேறொருவருக்கு அறிவித்திருந்தால் அது அவர்களுடைய பிழை. அதையும் மனுவில் எடுக்கலாம். 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் யுத்தத்திலும் உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதியை இப்போதே எடுத்துவைப்பது நல்லது. வழக்கு வந்த பிறகு ஓடித் திரிவது பெரிய பாடு.

5ஆம் பிரிவுதான் கிராம உத்தியோகத்தர் பயமுறுத்திய இடம். அமைச்சர் எழுத்தில் பிரகடனம் செய்வார், அது வர்த்தமானியில் வரும். காணி பொது நோக்கத்துக்குத் தேவை என்பதற்கு அந்தப் பிரகடனமே முடிவான சான்று என்று சட்டம் சொல்கிறது. 1963இல் குணசேகர எதிர் காணி, விவசாய அமைச்சர் வழக்கில் நீதிமன்றம் அதை அப்படியே ஏற்று, காணியை எடுப்பதா என்பது கொள்கைக் கேள்வி, தமக்கு அதில் வேலை இல்லை என்றது. கந்தோர்களில் இன்றும் ஓதப்படுவது அந்த அறுபது வருடத்துக்கு முந்திய நிலைப்பாடுதான். பிந்திய தீர்ப்புகள் அங்கே நிற்கவில்லை. சட்டம் வகுத்த படிகளைத் தாண்டிச் செய்த பிரகடனம், தீய நோக்கத்தோடு செய்த பிரகடனம், பொது நோக்கம் என்ற பெயரில் தனியாருக்குக் காணி தேடிக் கொடுத்த பிரகடனம் ஆகியவற்றை முடிவான சான்று என்ற சொல் காப்பாற்றாது. 2008இல் வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில், பொதுத் தேவைக்கென்று சுவீகரித்த காணி கொல்ப் மைதானத்துக்குப் போனதை உயர் நீதிமன்றம் நிராகரித்து, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவை 30 இலட்சம் ரூபா கட்டச் சொன்னது. அரசின் அதிகாரம் மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு என்பதே அந்தத் தீர்ப்பின் முதுகெலும்பு. இருந்தாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: 5ஆம் பிரிவுப் பிரகடனம் வந்த பிறகு போடும் மனு, அதற்கு முன் போடும் மனுவைவிடப் பாரமானது. காத்திருக்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாததற்குப் பெரிய காரணம் 38ஆம் பிரிவின் (அ) விதி. சாதாரணமாக நட்டஈட்டுத் தீர்ப்பு வந்த பிறகுதான் உடைமை எடுக்கும் கட்டளை போடலாம். அவசரம் என்றால், 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டிய பிறகு எந்த நேரத்திலும் போடலாம். அதாவது 4ஆம் பிரிவு விசாரணை நடக்கும் முன்பே காணி கைமாறிப் போகக்கூடும். அவசரத் தேவைகளுக்கென்று வைத்த கதவு இது. வெள்ளம் அடித்துப்போன பாலத்துக்கு மாற்றுவழி அமைக்க வேண்டுமென்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் வருடக்கணக்கில் கிடந்த கோப்பைத் தூக்கி ஒரு நாளில் "அவசரம்" என்று முத்திரை குத்துவதையும் பார்த்திருக்கிறோம். பெர்னாண்டோபுள்ளே வழக்கில், அவசரம் இருக்கிறதா என்பது அமைச்சரின் வாய்ச்சொல்லோடு முடிந்துவிடாது, நீதிமன்றம் அதைப் பரிசீலிக்கலாம் என்று 1970களின் பிற்பகுதியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே 38(அ) கட்டளைக்கு எதிரான மனுவில் திகதிகளே பேச வேண்டும். சபை காணியைக் கேட்ட திகதி, 2ஆம் பிரிவு ஒட்டிய திகதி, அளந்த திகதி, கட்டளைத் திகதி. நடுவில் ஒன்றும் நடக்காமல் கிடந்த மாதங்களை வரிசையாகக் காட்டினால் போதும். நிதி ஒதுக்கவே இல்லாத திட்டத்துக்கு அவசரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் பதில் சொல்வது கடினம். தகவல் விண்ணப்பத்தில் நிதி விபரம் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

உடைமை கொடுக்க மறுத்தால் அவர்கள் 42ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றம் போவார்கள். நீதவானிடம் போய் சுவீகரிப்பே பிழை என்று வாதாடுவது பயன் தராது. அவர் கட்டளையை நிறைவேற்றிக் கொடுக்கும் இடத்தில் இருப்பவர். அந்த நிலைக்கு வரும் முன் மேலே போயிருக்க வேண்டும்.

மட்டக்களப்பிலேயே போடலாமா என்றால், முடியாது என்பதே என் கருத்து. மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கச் சிலர் போகிறார்கள். அமைச்சருக்கும் அரச அதிகாரிகளுக்கும் எதிராகத் தடையுத்தரவு கொடுப்பதைப் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடுக்கிறது. 13ஆம் திருத்தத்தின்படி மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் ரிட் அதிகாரம் உண்டு, ஆனால் மாகாண சபை நிரலில் வரும் விடயங்களுக்கு மட்டும். காணி விடயத்தில் அந்த வாசல் எவ்வளவு ஒடுங்கியது என்பதை 2013 செப்டெம்பரில் சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் காட்டியது. மத்திய அமைச்சரின் சுவீகரிப்பு முடிவென்றால் கொழும்பு புதுக்கடையில் இருக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ இருந்து இரவு பஸ் ஏறிப் போகும் செலவும் அலைச்சலும் அநியாயம்தான். மாகாணத்தில் தீரக்கூடிய விடயம் என்று நானும் நினைக்கிறேன், ஆனால் இன்றைய சட்டம் இதுதான். வசதி குறைந்தவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழி, சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போவது. அதற்கு ஒரே மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படாது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆணைக்குழுவுக்கு அலுவலகம் உண்டு. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும். உங்கள் காணியை மட்டும் குறிவைத்தார்கள், இனம் அல்லது கட்சி பார்த்து எடுத்தார்கள் என்று காட்ட ஆதாரம் இருந்தால் இந்த வழி. வெறும் நடைமுறைப் பிழைக்கு ரிட் மனுவே பொருத்தம்.

ரிட் மனுவுக்குத் தவணை எழுதி வைக்கப்படவில்லை. அதை நம்பி ஆறுதலாக இருந்தவர்கள் கெட்டுப்போனார்கள். தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால் அதற்காகவே மனுவைத் தள்ளலாம். மனுவோடு சத்தியக்கடதாசி, ஆவணங்களின் உறுதிப்படுத்திய பிரதிகள், தமிழில் உள்ளவற்றுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி எல்லாம் வேண்டும். உங்களுக்குப் பாதகமான விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வளவின் பின்பக்கத்தில் ஒரு துண்டை முன்பே விற்றிருந்தீர்களா, நட்டஈட்டுப் பேச்சில் ஒருமுறை கலந்துகொண்டீர்களா, சொல்லிவிடுங்கள். அரச தரப்பு அதைக் கண்டுபிடித்துச் சொன்னால், உண்மையை மறைத்தவர் என்று வழக்கின் நன்மை தீமை பாராமலே வெளியே அனுப்பிவிடுவார்கள். மனுவோடு சேர்த்து இடைக்காலத் தடையும் கேளுங்கள். புல்டோசர் ஏறித் தென்னையைச் சாய்த்து அத்திவாரமும் போட்ட பிறகு வரும் வெற்றி பெரும்பாலும் கடதாசியில்தான் இருக்கும்.

இனி காசு விடயம். நட்டஈடு தனிப் பாதை. அதையும் ரிட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 7ஆம் பிரிவு அறிவித்தல் வர்த்தமானியில் வந்ததும், உரித்துள்ள எல்லாரும் கோரிக்கை கொடுக்க வேண்டும். காணியின் சந்தை விலையும் அந்த அறிவித்தல் வந்த திகதியை வைத்தே கணிக்கப்படும். குத்தகைக்காரர், ஈட்டுக்காரர் எல்லாரும் உரித்துள்ளவர்கள். மாத வாடகைக்கு இருப்பவர் அதில் இல்லை, பிரதான வீதியில் கடை வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்கு இது பெரிய அடி. துண்டை எடுப்பதால் மிச்சக் காணி கெட்டுப்போனால் அதற்கும் கேட்கலாம். வட்டையை ஊடறுத்து வீதி போய், வாய்க்கால் ஒரு பக்கமும் வயல் மறுபக்கமுமாகப் பிரிந்தவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். தொகை போதாதென்றால் 21 நாட்களுக்குள் காணி சுவீகரிப்பு மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கிருந்து சட்டப் பிரச்சினை ஒன்றில் மட்டும் மேன்முறையீட்டு நீதிமன்றம். விலை குறைவு என்பதற்காக ரிட் மனு போட்டால், அதற்கென்று ஒரு சபை இருக்கிறதே என்று திருப்பி அனுப்புவார்கள். கோரிக்கை கொடுக்கும்போது, சுவீகரிப்பை எதிர்க்கும் உரிமைக்குப் பாதகமின்றிக் கொடுக்கிறோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

காசை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதா என்று கேட்டீர்கள். வாங்குமுன் 39அ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். 1979ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. (38இன் (அ) வேறு, இது வேறு. இரண்டையும் "ஏ" போட்டே பேசுவதால் பலர் மாறி விளங்கிக்கொள்கிறார்கள்.) உடைமை எடுத்த பிறகும் காணியைப் பொது நோக்கத்துக்குப் பயன்படுத்தவில்லை, அதில் அபிவிருத்தி ஒன்றும் செய்யவில்லை, நட்டஈடு யாருக்கும் கொடுக்கப்படவில்லை, திரும்ப எடுக்க உரித்துள்ளவர்கள் எழுத்தில் சம்மதம் என்றால், அமைச்சர் காணியைத் திருப்பிக் கொடுக்கலாம். "கொடுக்கலாம்" என்று இருப்பதால் கொடுக்காமலும் விடலாம் என்று அரசு வாதாடியது. டி சில்வா எதிர் அத்துக்கோரள வழக்கில் 1993இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொது நோக்கத்துக்காக எடுத்த காணி அந்த நோக்கத்துக்குத் தேவைப்படாவிட்டால், திருப்பிக் கொடுப்பதை அமைச்சர் நியாயமாகப் பரிசீலித்தே ஆக வேண்டும், அதிகாரத்தோடு கடமையும் சேர்ந்திருக்கிறது என்றது. எடுத்துவிட்டு முட்கம்பி அடித்துப் பற்றைக்காடாக விட்ட காணிகள் நம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் இந்த ஒரு பிரிவை அறிந்திருக்க வேண்டும். நட்டஈட்டை வாங்கிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். உடனே காசு தேவை என்றால் வாங்குங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இதே கேள்வியோடு வேறு பலரும் வருவதால் ஒன்று சேர்க்கிறேன். காணி கைவிட்டுப் போகும் எல்லா வழியும் சுவீகரிப்பு ஆகாது. ஆயுதப் படை எந்த அறிவித்தலும் இல்லாமல் தனியார் காணியில் முகாம் போட்டிருந்தால், அங்கே கேள்விக்குட்படுத்த 5ஆம் பிரிவே இல்லை. உறுதியை வைத்து நேரடியாகக் கேட்க வேண்டிய விடயம் அது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினை மகாவலி அதிகார சபையின் ஆளுகைக்குள் உள்ள அரச காணி பற்றியது. தொல்லியல் திணைக்களம் எல்லைக்கல் நட்டால் அது தொல்பொருள் கட்டளைச் சட்டம். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குக் கட்டக் கூடாது என்றார்களே, அப்போதும் ஒரு பேர்ச் காணியும் சுவீகரிக்கப்படவில்லை, ஆகவே அந்தச் சட்டத்தின் கீழ் நட்டஈடும் இல்லை. ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் தின்ற தென்னந்தோட்டங்களும் அப்படித்தான், துறைமுகத்துக்கென எடுத்த காணிக்கு ஒரு கணக்கு, அதனால் அழிந்த காணிக்கு வேறு கணக்கு. முதலில் எந்தச் சட்டத்தின் கீழ் உங்களைத் தொட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வழி அதைப் பொறுத்தே மாறும்.

நீதிமன்றம் எப்போதும் நமக்குச் சாதகமாகவே தலையிடும் என்று நினைப்பவர்கள் அம்பாறை மாவட்டத்து நுரைச்சோலையை நினைக்கட்டும். சுனாமியில் வீடிழந்த அக்கரைப்பற்று மக்களுக்கென சவூதி நிதியில் 500 வீடுகள் கட்டினார்கள். அரச காணியை ஒதுக்கிய முடிவை எதிர்த்து அடிப்படை உரிமை மனு போனது. 2009இல் உயர் நீதிமன்றம் அந்தப் பகிர்வை நிறுத்தியது. கட்டி முடித்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் காடேறிக் கிடந்தன.

கடைசியாகச் சின்னம்மா. பிரிக்கப்படாத பங்கு என்பதால் அவரும் ஆட்சேபனையில் சேர்வது நல்லது. கனடாவில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி தன் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் ஓர் அற்றோணித் தத்துவம் அனுப்பச் சொல்லுங்கள். பொதுவானதாக இல்லாமல், இந்தக் காணியையும் ஆட்சேபனை, வழக்கு, நட்டஈட்டுக் கோரிக்கை மூன்றையும் பெயர் சொல்லி எழுதியதாக இருக்கட்டும். 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் தரும் 14 நாள் தவணைக்குள் அது வந்து சேராது. அதற்காகக் காத்திராமல் அம்மா தன் பெயரில் ஆட்சேபனையைப் பதிவுத் தபாலில் போட்டு, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் கையளித்துத் திகதி முத்திரை வாங்கட்டும். சின்னம்மா அங்கிருந்தே ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்து ஸ்கேன் செய்து அமைச்சின் செயலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம், மூலப் பிரதி பிறகு தபாலில் வரட்டும்.